ஆறு அறை, ஐந்து தோட்டா

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் விசைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு: பின்னுக்கு இழுத்து நிறுத்திய சுத்தியலை விடுவிப்பது. இழுத்து நிறுத்துவது சுடுபவரின் கட்டைவிரல். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் இதைச் செய்தாக வேண்டும். அப்படி இழுக்கும்போதே சிலிண்டர் ஓர் அறை அளவு சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிடும். விசையை அழுத்தினாலே சுத்தியல் தானாகப் பின்சென்று விழுகிற டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் வேறு இனம். போலீஸ்காரர்களின் இடுப்பில் நெடுங்காலம் தொங்கியது அதுதான். கௌபாய் படங்களில் கதாநாயகன் கண்ணிமைக்கும் நேரத்தில் உருவுவது சிங்கிள் ஆக்‌ஷன்.

சுத்தியலை இழுக்காதவரை விசையை எவ்வளவு அழுத்தினாலும் சுடாது என்பதால், இந்த வகைக்குத் தனியாக ஒரு பூட்டு தேவை என்று யாருக்கும் அவசரமாகத் தோன்றவில்லை. ஆனால் ஆபத்து இருந்த இடம் விசை அல்ல; ஓய்வில் கிடக்கும் சுத்தியல். துப்பாக்கி உறைக்குள் இருக்கும்போது சுத்தியலின் மூக்கு எதன்மேல் படிந்திருக்கிறது? தோட்டாவின் மேலேயே படிந்திருந்தால், அதன் முதுகில் விழும் ஓர் அடி போதும், குண்டு கிளம்பிவிடும். இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க நூறு ஆண்டுக்கும் மேல் பிடித்தது. அதிலும் வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் ஓரளவு தீர்ந்திருந்த சிக்கல் நடுவில் மீண்டும் முளைத்தது.

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் ரிவால்வர் தயாரிக்கத் தொடங்கினார். அன்றைக்கு இன்றுபோல் முழுத் தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்த வேண்டும். அறையின் பின்பக்கத்தில் ஒரு சிறு முலை நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் செம்பாலான கேப்பு ஒன்றைச் செருகுவார்கள். தீபாவளிக்குக் குழந்தைகள் கல்லால் தட்டி வெடிக்கும் பொட்டு வெடியின் குணம்தான் அதற்கும்: தட்டினால் தீப்பொறி. அந்தப் பொறி உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும்.

கேப்பின் மேல் சுத்தியலைச் சாய்த்துவைப்பது ஆபத்து என்பது பார்த்த உடனே தெரிகிற விஷயம். அதனால் கோல்ட் தொழிற்சாலை தன் பிந்தைய மாடல்களில் சிலிண்டரின் பின்முகத்தில், இரண்டு அறைகளுக்கு நடுவே, சிறிய உலோக முளைகளை வைத்தது. சுத்தியலின் முகத்தில் அதற்கேற்ற ஒரு பள்ளம். சிலிண்டரை அரை அறை அளவு திருப்பி, சுத்தியலை முளையின் மேல் இறக்கிவிட்டால், ஆறு அறைகளும் நிரம்பியிருந்தாலும் சுத்தியல் எந்தக் கேப்பையும் தொடாது. 1851இன் நேவி, 1860இன் ஆர்மி ஆகிய புகழ்பெற்ற மாடல்களில் இந்த ஏற்பாடு இருந்தது. குறை ஒன்றுதான்: முளை மிகச் சிறியது. பல ஆண்டுகள் புழங்கிய துப்பாக்கியில் அது தட்டையாக நசுங்கிப்போகும். போட்டி நிறுவனமான ரெமிங்டன் இதையே தலைகீழாகச் செய்தது. 1863 முதல் வந்த அதன் நியூ மாடல் ஆர்மி ரிவால்வரில், அறைகளுக்கு இடையே சிலிண்டரிலேயே ஆழமான வெட்டுகள் இருந்தன. சுத்தியலின் மூக்கு அந்த வெட்டுக்குள் போய் அமர்ந்துகொள்ளும். நசுங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை, சிலிண்டரும் அசையாது. இரண்டில் ரெமிங்டனுடையதே சிறந்த தீர்வு என்பதில் சந்தேகமில்லை.

இந்த நிலையைக் குலைத்தது ஒரு முன்னேற்றம். குண்டு, மருந்து, பற்றவைக்கும் பிரைமர் மூன்றையும் ஒரே பித்தளைக் கூட்டில் அடக்கிய தோட்டா புழக்கத்துக்கு வந்தது. அதைப் பின்பக்கமாகப் போட வேண்டுமானால், சிலிண்டரின் அறைகள் முன்னும் பின்னும் திறந்த துளைகளாக இருக்க வேண்டும். அந்த வடிவத்துக்கான காப்புரிமையை ரோலின் வைட் என்பவர் 1855இல் பெற்றிருந்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அதைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 1869இல் காலாவதியாகும்வரை கோல்ட் நிறுவனம் காத்திருக்க நேர்ந்தது. பிறகு வில்லியம் மேசன், சார்லஸ் ரிச்சர்ட்ஸ் ஆகியோரின் கைவண்ணத்தில் உருவான மாடலை அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்டது. முதல் ஆர்டரே 8,000 துப்பாக்கிகள். அதுதான் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. ‘பீஸ்மேக்கர்’ என்ற செல்லப்பெயரும் அதற்கு உண்டு. இன்றுவரை சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் என்றதும் மனத்தில் வரும் உருவம் இதனுடையது.

இதில் ஊசி தனிப் பாகமல்ல. சுத்தியலின் முகத்திலேயே கூம்பாகப் பொருத்தப்பட்டிருக்கும். சுத்தியல் முழுதாக இறங்கியதும் அந்த ஊசி ஃபிரேமிலுள்ள துளை வழியே நீண்டு, எதிரிலுள்ள தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பழைய முளையும் வெட்டும் காணாமற்போயின. விளிம்புள்ள தோட்டாக்கள் சிலிண்டரின் பின்முகத்தை ஏறக்குறைய அடைத்துவிட்டதால், அவற்றுக்கு இடமும் குறைந்துபோனது.

பதிலுக்கு, சுத்தியலின் அடியில் ஒரு சிறு வெட்டு கொடுத்தார்கள். சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் முதலில் ஒரு ‘கிளிக்’ கேட்கும். ஊசி தோட்டாவிலிருந்து சற்று விலகி நிற்கும் இடம் அது. விசையின் மேல்நுனி அந்த வெட்டுக்குள் புகுந்து சுத்தியலைத் தாங்கும். பாதுகாப்பு வெட்டு என்று இதற்குப் பெயர். இன்னும் இழுத்தால் அரைநிலை. அங்கே சிலிண்டர் கட்டவிழ்ந்து கையால் சுழலும். வலப்பக்கமுள்ள சிறு கதவைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போடவும், சுட்டபின் கூடுகளைக் கம்பியால் தள்ளி எடுக்கவும் இந்த நிலைதான். அதற்கும் அப்பால் முழுநிலை, சுடுவதற்குத் தயார். கோல்ட் ரசிகர்கள் சுத்தியல் பின்செல்லும்போது கேட்கும் இந்தக் கிளிக் சத்தங்களை ஒரு ராகம்போலச் சொல்லிச் சிலாகிப்பார்கள்.

பாதுகாப்பு வெட்டுக்கு இன்னொரு பயனும் இருந்தது. இழுத்த சுத்தியலைச் சுடாமல் கட்டைவிரலால் மெல்ல இறக்கும்போது விரல் நழுவினால், விசையிலிருந்து ஆள்காட்டி விரலை எடுத்திருக்கும் பட்சத்தில், அந்த வெட்டு சுத்தியலை நடுவழியில் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இந்த வெட்டை நம்பி ஆறு தோட்டாவும் போட்டுக்கொண்டு திரியலாமா என்றால், அங்கேதான் பிரச்சினை. விசையின் மேல்நுனி மெல்லியது. நகத்தின் கனம்கூட இராது. விசை இதமாக இழுபட வேண்டுமென்றால் அது அப்படித்தான் இருந்தாக வேண்டும். பாதுகாப்பு வெட்டின் உதடும் மெல்லியதே. ரிவால்வர் கைநழுவி விழும்போது எந்தப் பக்கம் தரையில் மோதும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பின்பக்கம் மேலே துருத்திக்கொண்டிருக்கும் சுத்தியலின் கொம்பு முதலில் மோதினால், துப்பாக்கியின் மொத்த எடையும் அந்த மெல்லிய நுனியில்தான் இறங்கும். தோட்டா நிரம்பிய ரிவால்வர் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 10 ஜூல் ஆற்றல். விசையின் நுனி முறியும், அல்லது வெட்டின் உதடு பெயரும். மிச்சமுள்ள வேகத்தோடு ஊசி பிரைமரில் போய் இறங்கும். கொம்பு கீழே இருக்கிறது என்றால் குழல் மேலே பார்க்கிறது என்று அர்த்தம். அதாவது, குண்டு போகும் திசையில் நிற்பவர் துப்பாக்கியைக் கைநழுவவிட்டவராகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

சுத்தியலை முழுதாக இறக்கி வைத்திருந்தால் இத்தனையும் தேவையில்லை. ஒரு தட்டு போதும். அமெரிக்க மேற்குப் பகுதியின் மிகப் பிரபலமான போலீஸ்காரரே இதில் சிக்கியிருக்கிறார். 1876 ஜனவரியில், கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் காவலராக இருந்த வயட் எர்ப், ஒரு மதுக்கடையின் பின்னறையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். உறையிலிருந்து ரிவால்வர் நழுவித் தரையில் விழுந்தது. தோட்டாவின் மேல் படிந்திருந்த சுத்தியல் நாற்காலியில் மோதியிருக்க வேண்டும். குண்டு அவருடைய கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டுத் திரும்பி, கூரை வழியே வெளியேறியது. அறையிலிருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். உள்ளூர்ச் செய்தித்தாள் சற்றுக் கேலியாகவே இதை எழுதியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு டூம்ஸ்டோனில் நடந்த துப்பாக்கிச் சண்டையால் எர்ப் வரலாற்றில் இடம்பிடித்தார்; விசிட்டா சம்பவம் அடிக்குறிப்பாகிவிட்டது.

விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஆறு அறை இருந்தாலும் ஐந்து தோட்டா மட்டும் போடுவது. சுத்தியலைக் காலி அறையின் மேல் இறக்கி வைப்பது. அதற்கென்றே ஒரு முறை இருந்தது, இன்றும் இருக்கிறது: அரைநிலையில் கதவைத் திறந்து ஒரு தோட்டா போடு, ஓர் அறையைத் தாண்டு, தொடர்ந்து நான்கு போடு, கதவை மூடு, சுத்தியலை முழுதாக இழுத்துப் பதமாக இறக்கு. இந்தக் கணக்குத் தவறாவிட்டால் காலி அறை தானாகவே சுத்தியலுக்கு எதிரே வந்து நிற்கும். எண்ணிப் பார்க்கவோ, சிலிண்டரை உற்றுப் பார்க்கவோ தேவையில்லை, இருட்டிலும் செய்யலாம். வேறு சிலர் ஆறும் போட்டு, இரண்டு தோட்டாக்களின் விளிம்புகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஊசியை இறக்கி வைத்தார்கள். இது பழைய முளையின் நாட்டுவழிப் பதிப்பு. ஆனால் அந்த நிலையில் சிலிண்டருக்குப் பூட்டு விழாது. உறையில் உராய்ந்து சற்றே சுழன்றால் ஊசி மறுபடி பிரைமருக்கு எதிரே வந்துவிடும்.

ஆக, ஆறுமுறை சுடும் என்று விற்கப்பட்ட ஆயுதத்தை அதன் சொந்தக்காரர்கள் ஐந்துமுறை சுடும் ஆயுதமாகவே பயன்படுத்தினார்கள். குறை இயந்திரத்தில், பரிகாரம் பழக்கத்தில். அந்தப் பழக்கம் நன்றாக வேலை செய்தது என்பதே, இயந்திரத்தைத் திருத்தும் அவசரம் யாருக்கும் வராமல் போனதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இதற்கிடையே டபுள் ஆக்‌ஷன் துப்பாக்கிகளில் வேலை மும்முரமாக நடந்தது. அவை நகரவாசிகளின் சட்டைப்பைக்கும் மேசை இழுப்பறைக்கும் போகிறவை. ஐந்து தோட்டா விரதத்தை வாங்குபவர் கடைப்பிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஐவர் ஜான்சன் என்ற நிறுவனம் 1890களில் கொண்டுவந்த ரிவால்வரில், சுத்தியல் ஊசியை நேரடியாகத் தொடவே தொடாது. விசையை அழுத்தினால் மட்டும் ஒரு சிறு பட்டை எழும்பி இரண்டுக்கும் இடையே பாலமாகும். சுத்தியலையே சுத்தியலால் அடித்துப் பாருங்கள் என்பதுதான் அதன் விளம்பரம். கோல்ட் நிறுவனமே 1905இல் தன் போலீஸ் பாசிட்டிவ் மாடலில், சுத்தியல் முன்னேறாதபடி குறுக்கே நிற்கும் ஒரு தடுப்பை வைத்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்துக்கு இரண்டாம் உலகப்போர் பாடம் நடத்தியது. 1944இல் ஒரு போர்க்கப்பலின் தளத்தில் விழுந்த அதன் ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்துபோக, நிறுவனம் அவசரமாகத் தடுப்பின் வடிவத்தை மாற்றியது.

சிங்கிள் ஆக்‌ஷன் பக்கம் மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராணுவம் 1892இலேயே டபுள் ஆக்‌ஷனுக்கு மாறிவிட்டது. சுமார் 3,57,000 துப்பாக்கிகளோடு சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் தயாரிப்பும் இரண்டாம் உலகப்போரை ஒட்டி நின்றது. செத்துப்போன வடிவத்தை யார் திருத்துவார்கள்?

அதை உயிர்ப்பித்தது தொலைக்காட்சி. 1950களில் அமெரிக்க வீடுகளில் கௌபாய் தொடர்கள் ஓடத் தொடங்கியதும், அந்தத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்கும் கூட்டம் பெருகியது. கனெக்டிகட் மாநிலத்தில் 1949இல் வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் தொடங்கிய சிறு நிறுவனம் இதை முதலில் மோப்பம் பிடித்தது. 1953இல் .22 தோட்டாவுக்கான சிங்கிள்-சிக்ஸ், 1955இல் .357 மேக்னத்துக்கான பிளாக்ஹாக். கோல்ட் நிறுவனமும் 1956இல் பழைய மாடலை மறுபடி செய்யத் தொடங்கியது. ரூகரின் துப்பாக்கி பார்வைக்குப் பழையது, உள்ளே புதியது. அடிக்கடி முறியும் தகடு ஸ்பிரிங்குகளுக்குப் பதில் உறுதியான சுருள் ஸ்பிரிங். ஊசியும் சுத்தியலிலிருந்து பிரிந்து ஃபிரேமுக்குள் போனது. ஆனால் சுத்தியல் இறங்கியிருக்கும்போது அந்த ஊசியின் முதுகில்தான் படுத்திருந்தது. பாதுகாப்பு வெட்டு, அரைநிலை, முழுநிலை எல்லாம் 1873இல் இருந்தபடியே. எல்லாவற்றையும் மாற்றத் துணிந்தவர்கள் இதை மட்டும் விட்டுவைத்தது வியப்புதான்.

வாங்கியவர்கள்தான் மாறியிருந்தார்கள். ஐந்து தோட்டா வழக்கத்தைத் தகப்பனிடமோ கூடச் சவாரி செய்தவனிடமோ கற்ற தலைமுறை போய்விட்டது. இப்போது வாங்கியவர் வார இறுதியில் மீன்பிடிக்கப் போகிறவர், மான் வேட்டைக்காரர், திரைப்படம் பார்த்து ‘வேகமாக உருவும்’ போட்டியில் இறங்கிய இளைஞர். பெட்டியில் ஆறு அறை என்று போட்டிருந்தால் அவர் ஆறு போடுவார். காலிலும் தொடையிலும் காயத்தோடு வழக்குகள் வரத் தொடங்கின.

மாற்றத்துக்கான நெருக்கடி இரண்டு திசைகளிலிருந்து வந்தது. இரண்டுமே சற்றுக் கோணலான வழிகள். அமெரிக்காவில் நுகர்பொருள்களின் பாதுகாப்பைக் கண்காணிக்க 1972இல் சட்டம் இயற்றியபோது, துப்பாக்கிகளை அதன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டார்கள். பொம்மைத் துப்பாக்கிக்கு மத்திய அரசின் பாதுகாப்பு விதி உண்டு, உண்மைத் துப்பாக்கிக்குக் கிடையாது. ஆனால் 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளுக்கு மட்டும் ஒரு தகுதித் தேர்வைக் கொண்டுவந்தது. அதன்படி, சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ஊசியைத் தோட்டாவிலிருந்து விலக்கி நிறுத்தும் ஏற்பாடு, கையால் இயக்குவதாகவாவது, இருக்க வேண்டும். ரிவால்வரின் எடைக்குச் சமமான எடையை 36 அங்குல உயரத்திலிருந்து சுத்தியலின் கொம்பின் மேல் ஐந்து முறை போட்டாலும் அந்த ஏற்பாடு தாங்க வேண்டும்.

இந்த விதியின் சுமை இத்தாலியர்கள் தலையில் விழுந்தது. வடக்கு இத்தாலியின் கார்டோனே வால் டிரோம்பியா வட்டாரத்தில் உபெர்ட்டி போன்ற பட்டறைகள் கோல்ட்டின் அச்சு அசல் நகல்களைச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அவர்கள் கண்ட குறுக்குவழி, சிலிண்டர் சுழலும் அச்சுக்கம்பியைச் சற்று நீளமாக்குவது. கம்பியை இன்னொரு படி உள்ளே தள்ளினால் அதன் பின்முனை ஃபிரேமைத் தாண்டி எட்டிப் பார்த்து, சுத்தியல் முழுதாக இறங்காமல் முட்டுக்கொடுக்கும். சட்டம் திருப்தியடைந்தது. வாங்கியவர்களில் பலர் இப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் ஐந்து தோட்டாவோடு நிறுத்திக்கொண்டார்கள். உள்நாட்டில் செய்த கோல்ட்டுக்கு இந்தத் தேர்வே கிடையாது என்பதால், நகலில் இருந்த பாதுகாப்பு அசலில் இல்லை என்ற விசித்திரம் அப்போதே தொடங்கிவிட்டது.

இரண்டாவது நெருக்கடி நீதிமன்றம். ரூகர் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளில் அதிகம் பேசப்பட்டது அலாஸ்காவில் நடந்தது. பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து ரிவால்வரிலிருந்து தோட்டாவை எடுக்க முயன்ற ஒருவரின் கையிலிருந்து அது நழுவி வெடித்து, காலில் காயம் ஏற்பட்டது. வெட்டுகள் முறியக்கூடியவை என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும் வடிவத்தை மாற்றத் தாமதித்தது என்று சாட்சியம் சொன்னது. மாற்றியிருந்தால் ஒரு துப்பாக்கிக்குக் கூடுதல் செலவு 1.93 டாலர். நடுவர் குழு கொதித்துப்போய், நஷ்டஈட்டுக்கு மேல் தண்டனைத் தொகையாக மட்டும் சுமார் 29 லட்சம் டாலர் விதித்தது. அலாஸ்கா உச்ச நீதிமன்றம் 1979இல் அது மிகை என்று சொல்லிப் பெருமளவு குறைத்தது. ஆனால் தண்டனைத் தொகை விதிக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டது.

தீர்ப்பு வருவதற்கு வெகு முன்பே ரூகர் விழித்துக்கொண்டிருந்தது. 1973இல் அதன் ‘நியூ மாடல்’ வரிசை வந்தது. உள்ளே இருந்தது, ஐவர் ஜான்சன் காலத்துப் பட்டையின் தத்துவம். டிரான்ஸ்ஃபர் பார் என்று அதற்குப் பெயர். ஊசி ஃபிரேமுக்குள் சிறு ஸ்பிரிங்கோடு இருக்கிறது. சுத்தியலின் முகத்தில், ஊசிக்கு எதிரே வரும் பகுதியை ஒரு படிபோலச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். அதனால் சுத்தியல் முழுதாக இறங்கினாலும் அதன் மேற்பகுதி ஃபிரேமில் முட்டி நிற்கும்; ஊசிக்கும் அதற்கும் நடுவே இடைவெளி மிஞ்சும். அந்த நிலையில் சுத்தியலைச் சம்மட்டியால் அடித்தாலும் அடி ஃபிரேமுக்குத்தான் போகும். விசையோடு இணைந்த ஒரு தட்டையான எஃகுப் பட்டை, விசையை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் மேலே ஏறி அந்த இடைவெளியை நிரப்பும். சுத்தியல் பட்டையை அடிக்கும், பட்டை ஊசியை அடிக்கும். விசையை விட்டால் பட்டை கீழே இறங்கிவிடும்.

தடுப்பு வகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. குறுக்கே நிற்கும் தடுப்பு தேய்ந்தோ உடைந்தோ போனால் துப்பாக்கி தொடர்ந்து சுடும். பாதுகாப்பு போனது வெளியே தெரியாது. டிரான்ஸ்ஃபர் பார் உடைந்தால் துப்பாக்கியே சுடாது. ஒன்று, ஆபத்தை மறிக்க ஒரு பாகத்தைச் சேர்க்கிறது. மற்றொன்று, சுடுவதற்கு அவசியமான ஒரு கண்ணியை இயல்பு நிலையில் விலக்கி வைக்கிறது. பழுதானால் எந்தப் பக்கம் சாய்வது என்ற கேள்விக்கு இரண்டாவது வடிவம் சரியான பக்கம் சாய்கிறது.

ரூகர் இன்னொன்றும் செய்தது. அரைநிலையை ஒழித்துவிட்டு, கதவைத் திறந்தாலே சிலிண்டர் கட்டவிழ்ந்து சுழலும்படி வைத்தது. கதவு திறந்திருக்கும்வரை சுத்தியலை இழுக்க முடியாது. தோட்டா போடும்போதும் எடுக்கும்போதும் சுத்தியலைத் தொடும் வேலையே இல்லாமற்போனது. அலாஸ்கா விபத்து நடந்த தருணம் எதுவென்று நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. பழைய கிளிக் வரிசை போயிற்று என்று ஒரு புலம்பல். விசையின் இழுப்பு முன்பைவிடக் கரடுமுரடு என்று இன்னொன்று. இவை ரசனை சார்ந்தவை. மூன்றாவது குறை நியாயமானது: கதவைத் திறந்து சிலிண்டரைச் சுழற்றும்போது ‘கிளிக்’ கேட்கும் இடத்தில் அறை கதவைச் சற்றுத் தாண்டிப்போயிருக்கும். வெற்றுக்கூட்டைத் தள்ளும் கம்பி அறைக்கு நேராக அமையாது. திரும்ப ஒரு முழுச் சுற்று வர வேண்டும். 2005இல் வந்த நியூ வக்கேரோ மாடலில்தான் இது சரியானது.

சந்தைக்கு ஏற்கெனவே போய்விட்ட பழைய ரூகர்களை என்ன செய்வது? 1982இல் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1953 முதல் 1972 வரை செய்த ரிவால்வர்களை அனுப்பிவைத்தால், இலவசமாக டிரான்ஸ்ஃபர் பார் பொருத்தித் தரப்படும். கழற்றிய பழைய பாகங்களும் கூடவே திரும்ப வரும். பாகங்களைத் திருப்பித் தருவதற்குக் காரணம் சேகரிப்பாளர்கள். மாற்றாத பழைய ரிவால்வருக்கு அவர்களிடம் விலை அதிகம். அசல் பாகங்கள் கையில் இருந்தால் விலை அவ்வளவாக இறங்காது. இதனாலேயே பலர் அனுப்பவில்லை. துப்பாக்கிகளின் குழலில், பயன்படுத்துமுன் கையேட்டைப் படிக்கவும் என்ற எச்சரிக்கையை நீளமாகப் பொறிக்கும் வழக்கமும் இந்த வழக்குகளின் மிச்சம்தான். அழகு கெட்டது என்று ரசிகர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள்.

மற்றவர்கள் ஆளுக்கொரு வழியில் போனார்கள். ஹெரிட்டேஜ் நிறுவனத்தின் விலை குறைந்த .22 ரிவால்வரில் பக்கவாட்டில் ஒரு நெம்பு. அதைத் திருப்பினால் சுத்தியலுக்குக் குறுக்கே தடுப்பு வரும். திருப்ப மறந்தால் வராது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செய்யப்படும் நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸின் உள்ளங்கை அளவு ரிவால்வர்களில், அறைகளுக்கு இடையே சிலிண்டரில் வெட்டுகள் இருக்கின்றன. ரெமிங்டன் 1863இல் செய்ததே மறுபிறவி எடுத்திருக்கிறது. உபெர்ட்டி பிற்காலத்தில் ஊசியைச் சுத்தியலிலேயே விட்டுவைத்து, விசையை அழுத்தாதபோது அது உள்ளே ஒடுங்கிக்கொள்ளும்படி செய்தது. வெளியே பார்த்தால் 1873, உள்ளே ஆறு தோட்டா பத்திரம். பழைமை விரும்பிகளின் முகம் கோணாமல் சிக்கலைத் தீர்த்த வழி இது.

கோல்ட் நிறுவனம் 1990களின் இறுதியில் கௌபாய் என்ற பெயரில் டிரான்ஸ்ஃபர் பார் உள்ள மாடலைக் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. அதன் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியோ, சுத்தியலில் பதிந்த ஊசியோடும் மெல்லிய பாதுகாப்பு வெட்டோடும் மாறாமல் தொடர்ந்தது. வாங்குபவர்கள் விரும்புவதும் அந்த மாறாமையைத்தான்.

இந்தப் பழைய அமைப்பின் நுணுக்கங்கள் உலகச் செய்தியானது 2021 அக்டோபரில். நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ திரைப்படத்தின் ஒத்திகையின்போது நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த ரிவால்வர் வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். அது இத்தாலியின் பியெட்டா நிறுவனம் செய்த கோல்ட் நகல். விசையை இழுக்கவில்லை என்று நடிகர் சொன்னதால், எஃப்.பி.ஐ. ஆய்வகம் அதை நிலை நிலையாகச் சோதித்தது. பாதுகாப்பு வெட்டிலும் அரைநிலையிலும் விசையை இழுக்காமல் அது சுடவில்லை. முழுநிலையிலும் உள்பாகங்கள் முறியும்வரை சுடவில்லை. சுத்தியல் முழுதாக இறங்கித் தோட்டாவின் மேல் படிந்திருந்தபோது, சுத்தியலில் நேராக அடித்ததும் பிரைமர் வெடித்தது. இந்த வகைத் துப்பாக்கிக்கு அது இயல்பு என்றே அறிக்கை குறித்தது. நடிகர் மீதான வழக்கு, அரசுத் தரப்பு ஆதாரத்தை மறைத்தது என்ற காரணத்தால் 2024இல் தள்ளுபடியானது. படப்பிடிப்பில் ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் தண்டிக்கப்பட்டார். அங்கே மூலக் குற்றம் நிஜத் தோட்டா படப்பிடிப்புத் தளத்துக்குள் வந்தது. அதை எந்தப் பட்டையும் வெட்டும் தடுத்திருக்காது.

டிரான்ஸ்ஃபர் பாருக்கும் எல்லை உண்டு. விசையில் விரல் அழுந்தியிருக்கும்வரை பட்டை மேலேதான் நிற்கும். இழுத்த சுத்தியலை இறக்கும்போது, அது நகரத் தொடங்கியதும் விரலை விசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் இறக்கிக் கட்டைவிரல் நழுவினால் பழைய கோல்ட்டுக்கும் இதற்கும் வேறுபாடில்லை.

பழைய ரூகரையும் புதியதையும் வெளியிலிருந்து பிரித்தறிய ஓர் அடையாளம் சொல்வார்கள். ஃபிரேமின் பக்கவாட்டில் மூன்று திருகாணித் தலைகள் தெரிந்தால் 1973க்கு முந்தையது. அவற்றுக்குப் பதில் இரண்டு ஆணித் தலைகள் இருந்தால் நியூ மாடல். ஆனால் தொழிற்சாலைக்குப் போய்ப் பட்டை பொருத்திக்கொண்டு திரும்பிய பழைய ரிவால்வரிலும் அந்த மூன்று திருகாணிகள் அப்படியே இருக்கும். கைமாறி வந்த ஒன்றில் எது உள்ளே இருக்கிறது என்று அறிய, சிலிண்டரைக் காலி செய்துவிட்டு, சுத்தியலைப் பின்னிழுத்துக் கட்டைவிரலால் பிடித்தபடி விசையை அழுத்தி, ஊசிக்குப் பின்னால் பட்டை எழுகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். எழாவிட்டால் ஐந்து தோட்டா.